கிரேன்காரர் கேட்ட பெரிய டிவி

அந்த வீட்டின் கூடத்தில் எதையாவது மாட்டுவதற்குத் தோதான சுவர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் சமையலறைக்குப் போகிற வழி, இன்னொரு பக்கம் வாசல் கதவு. மிச்சமிருந்த அந்தச் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டுவதா, இல்லை, அதை ஒட்டி மேசை போட்டு மூன்று மானிட்டர்களை வைப்பதா என்று புருஷனும் பெண்டாட்டியும் முட்டிக்கொண்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து சாமான் வாங்குவதில் அவர்களுக்குள் சண்டையே வந்ததில்லை. அவள் என்ன சொல்கிறாளோ அதுதான். அப்படிப்பட்ட மனுஷன் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றைக் காலில் நின்றார்.

அவர் டவர் கிரேன் ஓட்டியவர். பத்து மாடி, இருபது மாடி எழும்புகிற இடங்களில், எல்லோருக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே எறும்பு மாதிரி தெரிகிற ஆட்களுக்கு நடுவில் இரும்புக் கம்பிக் கட்டுகளையும் கான்கிரீட் தொட்டிகளையும் இறக்கியவர். வேலையிடத்தில் அவருடைய பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவர் கிரேன்காரர். வீட்டில் அப்பா, அல்லது "ஏங்க". பூவை வைப்பது போல பாரத்தை வைப்பார் என்று கூடவே இருந்தவர்கள் சொல்வார்கள். மேலேறினால் சாப்பாட்டு நேரம் வரை இறங்க மாட்டார். டீயைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புங்கள் என்று வாக்கி-டாக்கியில் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பார்.

அவருடைய மனைவி கட்டடங்களுக்குள் தண்ணீர்க் குழாயும் காற்றுக் குழாயும் எந்த வழியாகப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைகிறவள். அலுவலகத்துக்குப் போய் வந்தவளை, இனி வீட்டிலிருந்தே செய் என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு சின்ன லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் படாத பாடு பட்டாள். மேல்மாடிப் படத்தைத் திறந்தால் கீழ்மாடிப் படம் மறைந்துவிடும். என்ஜினியர் எழுதிய குறிப்பைப் பார்க்கப் போனால் இரண்டும் மறைந்துவிடும். நாள் முழுக்கக் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டு, சாயங்காலம் பக்கத்தில் கூப்பிட்டால்கூட உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவாள்.

"மூணு ஸ்கிரீன் இருந்தா ஒண்ணுல படம், ஒண்ணுல குறிப்பு, ஒண்ணுல பழைய படம். நிமிர்ந்து உக்காந்து வேலை பாக்கலாம்" என்றாள்.

"டிவி பெருசா வாங்கினா அதையே கம்ப்யூட்டருக்கும் மாட்டிக்கலாம்ல?" என்றார் அவர்.

"சுவத்துல இருக்கற டிவியப் பாத்து கோடு போட முடியுமா? கிட்ட உக்காந்தா தலைய இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆட்டிட்டே இருக்கணும். தள்ளி உக்காந்தா எழுத்து தெரியாது."

"தெரியும் தெரியும். பெருசா இருந்தா எல்லாம் தெரியும்."

இந்தப் பஞ்சாயத்துக்குக் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருந்த மகள் வந்தாள். இரண்டு பேரையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அப்பா, அம்மாவுக்கு அது சோறு போடற வேலை. நீங்க மேட்ச் பாக்கறதுக்கு அடம் புடிக்கிறீங்க. எங்க வீட்டுச் சின்னவன் தேவலாம் போலிருக்கே."

சொல்ல முடியாத காரணம் ஒன்று அவரிடம் இருந்தது.

வேலையை விட்டபோது அவர் எல்லோரிடமும் முட்டிவலி என்றுதான் சொன்னார். அவ்வளவு உயரம் ஏணியில் ஏறி இறங்குகிறவனுக்கு முட்டிவலி வராமல் என்ன செய்யும் என்று எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் முட்டி நன்றாகத்தான் இருந்தது. கண்தான் போய்க்கொண்டிருந்தது.

முதலில் கம்பிவடம் ஓரிடத்தில் வளைந்து தெரிந்தது. கூண்டின் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தார். துடைத்த பிறகும் வளைந்தே இருந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் வடம் நேராக இருந்தது; மற்றதை மூடினால் வளைந்தது. சரி, ஒரு கண் போதும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு அந்த வளைவு இருந்த இடத்தில், பார்வையின் நட்ட நடுவில், விரல் நுனியால் தேய்த்தது போல ஒரு மங்கல் விழுந்தது. எங்கே பார்க்கிறாரோ அங்கே போய் அது உட்கார்ந்துகொண்டது. கொக்கியைப் பார்த்தால் கொக்கி இல்லை. ஆளைப் பார்த்தால் தலை இல்லை, சுற்றியிருப்பது மட்டும் இருந்தது. கொஞ்ச காலத்தில் நல்ல கண்ணிலும் கம்பி வளைய ஆரம்பித்தது.

அப்போதும் அவர் இறங்கவில்லை. இத்தனை வருஷக் கைப்பழக்கம் இருக்கிறது, வாக்கி-டாக்கியில் குரல் இருக்கிறது, சமாளித்துவிடலாம் என்று நினைத்தார். கீழே நின்று சைகை காட்டுகிறவர் அவருடைய பழைய கூட்டாளி. வாயில் எப்போதும் விசில் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதால் அவரை விசில் என்றே கூப்பிடுவார்கள். இந்தக் கிரேனும் அந்த விசிலும் எத்தனையோ கட்டடங்களைச் சேர்ந்தே கட்டியிருக்கிறார்கள். விசிலின் கை அசைவை மேலிருந்து பார்த்துப் பார்த்து, அவர் அடுத்து என்ன காட்டப் போகிறார் என்பதுகூட இவருக்குத் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் கம்பிக் கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார். விசில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அந்தக் கை மங்கலுக்குள் போய்விட்டது. கட்டு நிற்காமல் இறங்கி, விசிலின் தோளை உரசாத குறையாகப் போய் மண்ணில் குத்தி நின்றது. விசில் பின்னால் விழுந்து எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மேலே பார்த்துக் கையை ஆட்டினார். வாக்கி-டாக்கியில் அவர் குரல் வந்தது: "என்னய்யா, காத்து பலமா அடிக்குதா மேல?"

"ஆமாய்யா. காத்து" என்றார் கிரேன்காரர்.

காற்றே இல்லை. கூண்டில் இலை அசைகிற காற்றுகூட இல்லை. அவர் லீவரைப் பிடித்தபடியே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு இறங்கியவர் மறுபடி ஏணியில் கால் வைக்கவில்லை.

மனைவியிடம் சொல்லலாம் என்று எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. சொன்னால் அவள் அடுத்ததாக ஒரு கேள்வி கேட்பாள்: எப்போதிலிருந்து? அதற்குப் பதில் சொன்னால், கண் தெரியாமலே மனிதர்கள் தலைக்கு மேல் இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்தான் என்று தெரிந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் மென்று விழுங்கினார்.

அதனால்தான் பெரிய டிவி. அவருக்கு மேட்ச் பார்ப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு கிடையாது. பழைய சின்ன டிவியில் நடுவிலிருக்கும் மங்கலே முக்கால் திரையை விழுங்கிவிடும். படம் பெரிதாக இருந்தால் அந்த மங்கலையும் மீறிக் கொஞ்சம் மிஞ்சும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்.

கணக்கு சரிதான் என்று கடையில் தெரிந்தது. மூன்று பேரும் சேர்ந்துதான் போனார்கள். மனைவியும் மகளும் மானிட்டர் வரிசையில் விற்பனைப் பையனிடம் நுணுக்கி நுணுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மெல்ல நழுவி எதிர்ப்பக்கம் போனார். அங்கே சுவர் முழுக்க டிவிகள். இருப்பதிலேயே பெரியதில் கால்பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கு இடிக்கிற தூரத்தில் போய் நின்றார். பச்சைப் புல்லும் ஓடுகிற கால்களும் தெரிந்தன; வலைக்கு முன்னால் கையை விரித்து நிற்கிற கோல்கீப்பர் தெரிந்தார். கோல்கீப்பரின் கையுறையில் இருந்த மஞ்சள் பட்டைகூடத் தெரிந்தது. வெகு நாள் கழித்து ஒரு மனிதன் முழுசாகத் தெரிந்தான். அப்படியே நின்றுவிட்டார்.

பின்னாலிருந்து மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க இது, சின்னப் புள்ள மாதிரி! இவ்வளவு கிட்ட நின்னு பாத்தா கண்ணு கெட்டுப் போயிடும். தள்ளி வாங்க."

கடைப் பையன் சிரித்தான். மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

பையன் சமரசம் பேசிப் பார்த்தான். அவளுடைய லேப்டாப்பை அந்தப் பெரிய டிவியில் இணைத்துப் படத்தைத் திறந்து காட்டினான். அவள் ஒரு தடவை பார்த்துவிட்டு, "கோடெல்லாம் பிசிறு தட்டுது. ரெண்டு குழாய் பக்கத்துல பக்கத்துல போனா ஒண்ணாத் தெரியுது. இதுல வேலை செஞ்சா என் மானம் போயிடும்" என்றாள். பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உடம்போடு சேர்த்துத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவருக்கு அவள் முகம் தெரியவில்லை. ஆனால் கழுத்தில் கை வைத்திருந்தது தெரிந்தது.

"மானிட்டரே வாங்கிக்கலாம். மேட்ச் எங்க ஓடிப் போகுது" என்றார்.

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"அட, எடுத்துக்கம்மா."

மூன்று மானிட்டர்களும் வந்து சுவரோரம் வரிசையாக நின்றன. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்தாள். கழுத்து வலி குறைந்தது, பாட்டுகூட முணுமுணுத்தாள். பழைய டிவி படுக்கையறையில் ஒரு மூலைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை விசில் வந்தால் இரண்டு பேரும் அங்கே கட்டிலில் உட்கார்ந்து மேட்ச் பார்ப்பார்கள். விசில் "அடிச்சான்யா!" என்று கத்தினால், இவரும் ஒரு நொடி பின்னால் கத்துவார்.

"உனக்கு எல்லாமே லேட்டாத்தான்யா எட்டுது. மேலயே உக்காந்து பழகிட்ட இல்ல, சத்தம் வந்து சேர நேரமாகுது" என்று விசில் கிண்டல் செய்வார். அந்தக் கிண்டலுக்கு இவர்தான் அதிகமாகச் சிரிப்பார்.

குட்டு உடைந்தது அந்த மானிட்டர்களால்தான். ஒரு நாள் காலையில் மனைவி உற்சாகமாகக் கூப்பிட்டாள். "ஏங்க, ஓடி வாங்க. நீங்க கடைசியா வேலை பாத்த கட்டடம் இருக்குல்ல, அதுல ஒரு பக்கத்தை இடிச்சு மாத்தறாங்களாம். படம் எனக்கே வந்திருக்கு. இதோ பாருங்க."

அவர் வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று, நடுவிலிருந்த மானிட்டரை நோக்கிக் குனிந்தார். "அடேயப்பா! என்ன நேர்த்தியாப் போட்டிருக்க."

படம் இடது பக்கத்து மானிட்டரில் இருந்தது. நடுவிலிருந்ததில் எழுதி முடிக்காத ஒரு மெயிலைத் தவிர ஒன்றுமில்லை.

அவள் குரலை மாற்றாமல் கேட்டாள். "அந்த மூலையில சிவப்புக் கோடு ஒண்ணு போட்டிருக்கேனே, அது சரியான இடத்துலதான் இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு. கச்சிதமா இருக்கு."

எந்தத் திரையிலும் சிவப்புக் கோடு இல்லை.

நாற்காலி திரும்புகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து நின்று அவருடைய இரண்டு கன்னத்தையும் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள். அவள் மூச்சு அவர் மேல் பட்டது.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

எந்தக் கேள்விக்குப் பயந்தாரோ அது வந்துவிட்டது. அவர் கட்டிலில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வடம் வளைந்தது, கண்ணாடியைத் துடைத்தது, விசிலின் கை மறைந்தது, காற்று என்று பொய் சொன்னது. எல்லாம் முடிந்த பிறகு, "கடையில அந்த டிவிகிட்ட நின்னீங்களே, அப்ப தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுது."

"நான் சட்டையப் புடிச்சு இழுத்தேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சொல்லியிருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்றவள், அதற்கு மேல் அடக்க முடியாமல் அழுதாள். அழுதுகொண்டே வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவர் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டு வாங்கியதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

கண் டாக்டர் பெரிய எந்திரத்தில் அவருடைய முகவாயை வைக்கச் சொல்லி, உள்ளே வெகு நேரம் பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் ரத்தக் குழாய் கசிந்து கசிந்து தழும்பாகிவிட்டது என்றார். "ஆரம்பத்துலயே வந்திருந்தா ஊசி போட்டு நிறுத்தி வெச்சிருக்கலாம். ஒரு கண்ணையாவது காப்பாத்தியிருக்கலாம். இப்ப மிச்சம் இருக்கறதைப் பாதுகாக்கத்தான் ஊசி. போனது வராது." அவர் தலையாட்டினார். மனைவிதான் மறுபடி மறுபடி கேட்டாள், ஆரம்பம் என்றால் எந்த ஆரம்பம், வேலையை விட்டபோது வந்திருந்தால் முடிந்திருக்குமா, டிவி கேட்டபோது வந்திருந்தால் முடிந்திருக்குமா என்று. டாக்டர் மருந்துச் சீட்டை எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மூன்று மானிட்டர்களையும் கழற்றினாள். அவர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போய், அதே பெரிய டிவியை வாங்கி வந்து, கூடத்துச் சுவரில் மாட்ட வைத்தாள். மறுபடியும் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு குனிந்தாள்.

அவர் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடையில் பார்த்த புல் இப்போது ஓரங்களில் மட்டும்தான் பச்சையாக இருந்தது. நடுவில் பெரிய ஓட்டை. இடைப்பட்ட மாதங்களில் மங்கல் வளர்ந்துவிட்டிருந்தது. கோல்கீப்பர் வந்தார், போனார்; அவர் கையுறை என்ன நிறம் என்று தெரியவில்லை.

"தெரியுதாங்க?" என்று மேசையிலிருந்து அவள் கேட்டாள்.

"பளிச்னு தெரியுது" என்றார்.

கொஞ்ச காலம் அப்படியே ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை விசில் வந்து பெரிய டிவியைப் பார்த்து வாயைப் பிளந்தார். "தியேட்டரையே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியே! ஆனா ஏன்யா இப்படி மூஞ்சியக் கொண்டுபோய் ஒட்டி வெச்சிருக்க?"

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். மனைவி மேசையிலிருந்து வேண்டாம் என்பது போலத் தொண்டையைச் செருமினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்குக் கண்ணு போச்சுய்யா" என்றார். "இப்ப இல்ல. மேல இருந்தப்பவே."

விசில் முதலில் பதறி, கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் யார், மருந்து என்ன என்று விசாரித்தார். விசாரித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார்.

"அந்தக் கம்பிக் கட்டு," என்றார். "அன்னைக்கு. காத்து இல்லையா?"

"காத்து இல்ல."

"தெரிஞ்சேதான் ஓட்டுனியா?"

"தெரிஞ்சேதான்."

விசில் பிடித்திருந்த கையை விட்டார். டிவியில் ஜனங்கள் மெல்லிய சத்தத்தில் ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். "நான் அண்ணாந்து கூடப் பாக்க மாட்டேன், தெரியுமா?" என்றார் கடைசியில். "மத்தவன் ஓட்டுனா மேல ஒரு கண்ணு வெச்சுக்குவேன். நீ இருந்தா பாக்கவே மாட்டேன்." செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. கதவு மெதுவாகத்தான் சாத்திக்கொண்டது.

அதன் பிறகு விசில் வரவில்லை. கிரேன்காரர் மகளிடம் சொல்லி அவருக்குப் போன் போட வைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. "கோவம் ஆறினா வருவாருங்க" என்று மனைவி சொன்னாள்.

"வர மாட்டான். அவன் இடத்துல நான் இருந்தாலும் வர மாட்டேன்" என்றார்.

டிவி சும்மாவே சுவரில் தொங்கியது. அவர் அதைப் போடுவதில்லை. ஒரு நாள் அவள் மேசையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முனகியது கேட்டதும், "இதைக் கழட்டிடும்மா" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியல. முதல் நாளே தெரியல. நீ ஆசையா வாங்கி மாட்டினியேன்னு சும்மா சொன்னேன்."

"ஓரத்துலயாவது தெரியுதுல்ல?" என்று அவள் சண்டைக்கு வந்தாள்.

"ஓரத்தைப் பாக்கறதுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய டிவி? உன் கழுத்தைப் பாரு முதல்ல."

டிவி மகள் வீட்டுக்குப் போனது. மானிட்டர்கள் திரும்பி வந்தன. அவர் டீ போடக் கற்றுக்கொண்டார். பால் பொங்குவதைச் சத்தத்தில் பிடித்துவிடுவார். டம்ளரைக் கொண்டுவந்து அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் உட்காருவார். அவள் வேலையை விட்டுவிட்டுப் பேசினால் சிடுசிடுப்பார். பேசாமலிருந்தால் என்ன வரைகிறாய் என்று கேட்பார்.

ஊசி போட்டுக்கொள்ளப் போன ஒரு நாள், பஸ்ஸுக்காக இரண்டு பேரும் நிழலில் நின்றார்கள். கூட்டம் வருவதும் போவதுமாக இருந்தது. நேரே பார்த்தால் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய பார்வையின் கோடியில் ஓர் ஆள் வந்து நின்றது தெரிந்தது. நிற்கிறவர் அசையவில்லை. மனைவியின் கை இவருடைய கைக்குள் இறுகியது. பிறகு அந்த ஆள் திரும்பி நடந்தார். இடது தோளைக் கொஞ்சம் சாய்த்து, அவசரமில்லாமல் வைக்கிற நடை. அந்த நடையை அவர் மேலிருந்து எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறார்.

"யாரோ நின்ன மாதிரி இருந்துச்சே?" என்று கேட்டார்.

"யாரோ பஸ் நம்பரப் பாத்துட்டு நின்னாங்க" என்றாள் அவள்.

"ஓ" என்றார். பஸ் வந்தது. அவள் முதலில் ஏறி, படி உயரமாக இருக்கிறது, பார்த்து என்று சொல்லிக் கையை நீட்டினாள்.